புத்தாண்டுப் பந்தாட்டம் யாருடையது?

பிள்ளைகளை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிவிட்டுப் புத்தாண்டு அன்று தொலைபேசிக்காகக் காத்திருக்கும் பெற்றோர்கள் இங்கே இருக்கிறீர்கள்.

அந்தத் தொலைபேசி சில வேளை தாமதமாக வரும். கேட்டால், "அம்மா, ரோஸ் பவுல் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்று பதில் வரும். அது என்ன ரோஸ் பவுல்? ரோஜாவுக்கும் பந்துக்கும் என்ன உறவு? படிக்கப் போன பிள்ளை பந்தாட்டத்துக்கு ஏன் இப்படி உருகுகிறான்? இந்தக் கேள்விகளிலிருந்துதான் இன்றைய பேச்சு தொடங்குகிறது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் பவுல் ஆட்டங்கள், அவற்றின் நேற்றும் இன்றும், இதுதான் நம் பொருள். ஆனால் பொருளுக்குள் ஒரு கேள்வியைப் பொதிந்து வைத்திருக்கிறேன். இந்த விழா யாருடையது? ஊருடையதா? பணம் கொடுப்பவருடையதா? அல்லது மண்ணில் விழுந்து எழும் அந்த மாணவனுடையதா? பேச்சு முழுவதும் இந்தக் கேள்வி நம்மோடு வரட்டும்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. இது நாம் காலால் உதைக்கும் கால்பந்து அல்ல. நீள்முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள், எறிவார்கள், எதிரணி மறித்துத் தள்ளும். எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச் டவுன், 6 புள்ளிகள். அதன்பின் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 1 புள்ளி. உதைக்காமல், மறுபடி ஒருமுறை எல்லைக்குள் கொண்டுபோனால் 2 புள்ளிகள். இந்த ஒன்றையும் இரண்டையும் நினைவில் வையுங்கள். பின்னால் ஒரு மனிதரின் பெருமையே இதில்தான் தொங்கப்போகிறது. கல்லூரி அணிகள் இலையுதிர் காலம் முழுவதும் ஆடுகின்றன. பருவம் முடிந்ததும், டிசம்பரிலும் ஜனவரியிலும், நல்ல அணிகளை வேற்றூர்கள் விருந்துக்கு அழைப்பதுபோல் அழைத்து ஆடவைக்கின்றன. அதுதான் பவுல் ஆட்டம்.

விருந்து எங்கே தொடங்கியது? கலிஃபோர்னியாவில், பாசடீனா என்ற ஊரில். கிழக்கே பனி கொட்டும் ஊர்களை விட்டு அங்கே குடியேறியவர்கள் ஒரு மன்றம் வைத்திருந்தார்கள். வேலி ஹண்ட் கிளப் என்று பெயர். ஜனவரி மாதத்தில் தங்கள் தோட்டத்தில் ரோஜா பூப்பதைப் பார்த்து அவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரறியக் காட்ட வேண்டாமா? 1890 புத்தாண்டு அன்று குதிரை வண்டிகளைப் பூவால் அலங்கரித்து ஊர்வலம் விட்டார்கள். நம் ஊர்த் தேர்த் திருவிழாவில் தேர் நிலைக்கு வந்த பிறகு கபடியும் வழுக்குமரமும் நடப்பதுபோல, அங்கும் ஊர்வலத்துக்குப் பின் விளையாட்டுகள் நடந்தன.

1902 புத்தாண்டுக்காக ஒரு யோசனை தோன்றியது. கிழக்கிலிருந்து ஒரு பெரிய அணியை வரவழைத்தால் கூட்டம் சேருமே! மிச்சிகன் பல்கலைக்கழக அணியை அழைத்தார்கள். அதன் பயிற்சியாளர் ஃபீல்டிங் யோஸ்ட். எதிரே நின்றது ஸ்டான்ஃபோர்ட், அதற்குச் சற்று முன்புவரை யோஸ்ட்டே பயிற்சி கொடுத்த அணி. என்ன நடந்தது? மிச்சிகன் 49, ஸ்டான்ஃபோர்ட் சுழியம். ஆட்டம் முடிய இன்னும் 8 நிமிடம் இருக்கும்போதே, போதும் என்று ஸ்டான்ஃபோர்ட் கையெடுத்துவிட்டது. அந்தப் பருவம் முழுவதும் மிச்சிகன் எடுத்த புள்ளிகள் 550. கொடுத்தது ஒன்றுகூட இல்லை.

விழாக்காரர்கள் தலையில் கைவைத்தார்கள். இப்படி ஒருதலையாக முடிந்தால் யார் டிக்கெட் வாங்குவார்? கால்பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தேர்ப் பந்தயம் நடத்தினார்கள். தீக்கோழிகளை ஓடவிட்டார்கள். ஒட்டகத்தையும் யானையையும்கூட ஓடவிட்டார்கள், வென்றது யானை! சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் அதில் ஒரு உண்மையும் இருக்கிறது. அந்த நாளில் விழா ஊருடையது. பந்து வந்தாலும் ஒன்றுதான், யானை வந்தாலும் ஒன்றுதான்.

1916-இல் கால்பந்து திரும்பி வந்தது. வாஷிங்டன் ஸ்டேட் அணி பிரவுன் பல்கலைக்கழகத்தை 14-0 என வென்றது. தோற்ற பிரவுன் அணியில் ஃப்ரிட்ஸ் போலார்ட் என்ற கறுப்பின இளைஞர் ஆடினார். ரோஸ் பவுல் ஆட்டத்தில் கால்வைத்த முதல் கறுப்பினத்தவர் அவர். கூட்டம் பெருகியது, பழைய மைதானம் போதவில்லை. யேல் பல்கலைக்கழகத்தின் கிண்ணம் போன்ற அரங்கைப் பார்த்து, 1922-இல் அதேபோல் ஒன்றைக் கட்டினார்கள். கிண்ண வடிவத்தால் அரங்குக்கு ரோஸ் பவுல் என்று பெயர் வந்தது. அரங்கின் பெயர் ஆட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது. பிறகு அமெரிக்கா முழுவதும் இத்தகைய ஆட்டங்களுக்கெல்லாம் அதுவே குடும்பப் பெயராகிவிட்டது.

இனித் தெற்கே வாருங்கள். 1926 புத்தாண்டு. அலபாமா அணி ரயிலேறிப் பாசடீனா வந்தது. தென்மாநில அணிகளை அந்நாளில் யாரும் பொருட்படுத்தவில்லை. பாதி ஆட்டத்தில் வாஷிங்டன் 12, அலபாமா சுழியம். இடைவேளைக்குப் பின் ஒரே கால் பகுதியில் அலபாமா 20 புள்ளிகள் எடுத்தது. முடிவில் 20-19 என வென்றது. உள்நாட்டுப் போரில் தோற்ற வடு ஆறாத தெற்கு, இந்த ஒரு புள்ளி வித்தியாசத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. இன்றைக்கும் தெற்கில் கல்லூரிக் கால்பந்து ஒரு மதம்போல இருப்பதற்கு வித்து அங்கே விழுந்தது. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. தெற்கின் பெருமையைத் தூக்கிப் பிடித்த அந்த அணியில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. அலபாமாவின் களத்தில் கறுப்பின வீரர் இறங்க 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிறகு பொருளாதாரப் பெருமந்தக் காலம். கடைகள் காலி, விடுதிகள் காலி. குளிர்காலத்தில் வெயில் அடிக்கும் தென்னக நகரங்கள் யோசித்தன: பாசடீனாவுக்குக் கூட்டம் வருகிறதே, நமக்கு வராதா? மயாமியில் ஆரஞ்ச் பவுல், நியூ ஆர்லியன்ஸில் சுகர் பவுல், இரண்டும் 1935 புத்தாண்டு அன்று தொடங்கின. எல் பாசோவில் சன் பவுல். டாலஸில் 1937-இல் காட்டன் பவுல். பெயர்களைக் கவனியுங்கள். ஆரஞ்சு, சர்க்கரை, வெயில், பருத்தி! எந்த ஊரில் எது விளைகிறதோ, எதை விற்க வேண்டுமோ, அதுவே ஆட்டத்தின் பெயர். விளம்பரம் நேற்று வந்ததல்ல, நண்பர்களே, பிறப்பிலேயே வந்தது. ஆனால் அன்று விளம்பரம் செய்தது ஊர். லாபம் கிடைத்தால் அது ஊர் விடுதிக்காரருக்கும் உணவகக்காரருக்கும் போய்ச் சேர்ந்தது.

ஊரின் கதை போதும். களத்துக்குள் இறங்குவோம். அங்கே ஆடியவர்கள் யார்? இருபது, இருபத்தோரு வயதுப் பிள்ளைகள். அந்த வயதில் ஒருவன் அறுபதாயிரம் பேருக்குமேல் பார்த்துக்கொண்டிருக்கத் தவறு செய்தால் என்ன ஆகும்?

1929 ரோஸ் பவுல். கலிஃபோர்னியாவும் ஜார்ஜியா டெக்கும் மோதின. ஜார்ஜியா டெக் வீரர் பந்தை நழுவவிட்டார். கலிஃபோர்னியாவின் ராய் ரீகல்ஸ் பாய்ந்து எடுத்தார். எடுத்தவர் ஓடினார். எதிர்த்திசையில் ஓடினார்! தன் அணியின் எல்லையை நோக்கியே சுமார் 65 கெஜம் ஓடினார். அவருடைய தோழர் பென்னி லோம் கத்திக்கொண்டே துரத்தி, எல்லைக்கோட்டின் வாசலில் பிடித்து நிறுத்தினார். அதற்குள் எதிரணி வந்து அமுக்கிவிட்டது. அடுத்து கலிஃபோர்னியா உதைத்த பந்தை ஜார்ஜியா டெக் தடுத்து 2 புள்ளிகள் பெற்றது. ஆட்டம் முடிந்தபோது கணக்கு 8-7. அந்த இரண்டு புள்ளிகளால்தான் கலிஃபோர்னியாவுக்குத் தோல்வி.

இடைவேளையில் ரீகல்ஸ் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதார். களத்துக்குத் திரும்ப முகம் இல்லை என்றார். பயிற்சியாளர் நிப்ஸ் பிரைஸ் என்ன செய்தார்? வைதாரா? வெளியே உட்காரவைத்தாரா? முதல் பாதியில் இறங்கிய அதே அணிதான் இரண்டாம் பாதியிலும் இறங்கும் என்று அறிவித்தார். ஆட்டம் இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கு எடுத்துச் சொன்னார். ரீகல்ஸ் இறங்கினார்; இரண்டாம் பாதியில் எதிரணியின் ஓர் உதையைத் தடுத்தும் காட்டினார். அடுத்த பருவத்தில் அணித் தலைவரும் ஆனார். கல்லூரி என்றால் என்ன? விழுந்த பிள்ளையை எழுப்பி நிறுத்தும் இடம். அன்று அந்த அரங்கில் இருந்த உண்மையான பேராசிரியர் நிப்ஸ் பிரைஸ்தான்.

எழுந்து நிற்பது ஒரு வீரம். போக மாட்டோம் என்று மறுப்பது இன்னொரு வீரம். அதற்கும் சான்று உண்டு.

1951. சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம். சிறிய கத்தோலிக்கக் கல்லூரி. அந்த ஆண்டு 9 ஆட்டங்கள், 9 வெற்றிகள். அந்த வீரர்களில் மூன்று பேர் பின்னாளில் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மன்றத்தில் இடம்பெற்றார்கள் என்றால் அணியின் வலுவை எண்ணிப் பாருங்கள். பவுல் அழைப்பு வந்தாக வேண்டும். ஆனால் அணியில் ஆலி மேட்சன், பர்ல் டோலர் என்ற இரண்டு கறுப்பின வீரர்கள். அந்த இருவரையும் விட்டுவிட்டு வந்தால் தெற்கே பவுல் ஆட்டம் உண்டு என்ற சேதி வந்தது. கல்லூரிக்கோ பணமுடை. பவுல் வருமானம் கிடைத்தால் அணி பிழைக்கலாம். வெள்ளை இளைஞர்கள் என்ன சொன்னார்கள்? விவாதம் நடந்ததா? வாக்கெடுப்பு வைத்தார்களா? அதற்கெல்லாம் தேவையே இருக்கவில்லை. எல்லோரும் போவோம், இல்லையென்றால் யாரும் போகமாட்டோம் என்று நின்றார்கள். யாரும் போகவில்லை. அந்தப் பருவத்தோடு கல்லூரி அந்த அணியைக் கலைத்துவிட்டது. மேட்சன் அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கங்கள் வென்றார். டோலர் 1965-இல் தொழில்முறைக் கால்பந்தின் முதல் கறுப்பின நடுவரானார். அந்த ஆண்டு பவுல் ஆட்டங்களில் வென்ற அணிகளின் பெயர்களை இன்று எத்தனை பேர் சொல்வார்கள்? போகாத அணியின் பெயரை வரலாறு சொல்கிறது.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே கேள்வி மறுபடி வந்தது. 1956 சுகர் பவுலில் பிட்ஸ்பர்க் அணிக்கு பாபி கிரியர் என்ற கறுப்பின வீரர் ஆடவேண்டும். எதிரணி ஜார்ஜியா டெக். 1955 டிசம்பர் முதல் நாள் மாண்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண், பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட எழ மறுத்துக் கைதானார். அந்தச் சூட்டிலேயே ஜார்ஜியா ஆளுநர் மார்வின் கிரிஃபின், கறுப்பினத்தவர் ஆடும் ஆட்டத்துக்கு நம் பிள்ளைகள் போகக்கூடாது என்று கிளம்பினார். யார் எதிர்த்தார்கள்? ஜார்ஜியா டெக் மாணவர்களே எதிர்த்தார்கள். வெள்ளை மாணவர்கள் அட்லாண்டா தெருவில் ஊர்வலம் போய் ஆளுநரின் கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். எல்லோருக்கும் அதில் சமத்துவ வேட்கை இருந்தது என்று சொல்லமாட்டேன். பலருக்கு ஆட்டம் போய்விடுமே என்ற கவலை. ஆனாலும் கதவு திறந்தது. கிரியர் ஆடினார். சுகர் பவுல் நடக்கும் லூசியானாவின் சட்டமன்றம் அந்த ஆண்டே வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து விளையாடத் தடை போட்டது. 1959-இல் உச்ச நீதிமன்றம்வரை போய் அந்தச் சட்டம் விழுந்தது.

அடுத்த கேள்விக்கு வருவோம். இத்தனை பவுல்கள் இருந்தால் நாட்டின் சாம்பியன் யார்? நெடுங்காலம் இதற்கு விடை களத்தில் கிடைக்கவில்லை. பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் போடும் வாக்கில்தான் கிடைத்தது. வேடிக்கை கேளுங்கள். 1973-இல் பயிற்சியாளர்களின் வாக்கெடுப்பு பவுல் ஆட்டங்களுக்கு முன்பே முடிந்துவிட்டது. அலபாமா சாம்பியன் என்று அறிவித்தார்கள். அந்த ஆண்டின் கடைசி நாளில் சுகர் பவுலில் நோட்டர் டேம் 24-23 என அலபாமாவைத் தோற்கடித்தது. தோற்ற பின்னும் அந்தப் பட்டம் அலபாமாவிடமே இருந்தது! அடுத்த பருவத்திலிருந்து வாக்கெடுப்பைப் பின்னுக்குத் தள்ளினார்கள்.

இப்போது அந்த ஒன்றும் இரண்டும். 1984 ஜனவரி, ஆரஞ்ச் பவுல். தோல்வியே காணாத நெப்ராஸ்கா, எதிரே மயாமி. கடைசி நிமிடத்தில் நெப்ராஸ்கா டச் டவுன் எடுத்தது. கணக்கு 31-30, மயாமி முன்னிலை. பந்தை உதைத்து ஒரு புள்ளி எடுத்தால் சமன். அன்று கூடுதல் நேரம் கிடையாது. சமன் செய்தாலே பெரும்பாலும் நெப்ராஸ்காதான் சாம்பியன். பயிற்சியாளர் டாம் ஆஸ்பார்ன் உதைக்கச் சொல்லவில்லை. இரண்டு புள்ளிக்குப் போனார். வீசிய பந்தை மயாமி வீரர் தட்டிவிட்டார். பட்டம் போனது. வாக்குக்காக ஆடவில்லை, வெற்றிக்காக ஆடினோம் என்ற பெயர் நின்றது. பட்டமும் பிறகு வந்தது: 1994, 1995, 1997 என மூன்று முறை.

வாக்கு போதவில்லை என்று கணினியைக் கொண்டுவந்தார்கள். 1998-இல், வாக்கையும் கணினிக் கணக்கையும் கூட்டி முதல் இரண்டு அணிகளை இறுதி ஆட்டத்தில் மோதவைக்கும் பிசிஎஸ் என்ற முறை பிறந்தது. 2003-இல் பத்திரிகையாளரும் பயிற்சியாளரும் முதலிடம் கொடுத்த சதர்ன் கலிஃபோர்னியாவைக் கணக்கு வெளியே நிறுத்திவிட்டது. அந்த ஆண்டு இரண்டு சாம்பியன்கள்! ஆனால் அதே முறை 2006 ரோஸ் பவுலில் முதல் இரண்டு அணிகளையும் நேருக்கு நேர் நிறுத்தியது. தொடர்ந்து 34 ஆட்டங்கள் வென்றிருந்த சதர்ன் கலிஃபோர்னியா ஒருபுறம், டெக்சஸ் மறுபுறம். 19 நொடிகள் மிச்சம் இருக்கும்போது டெக்சஸின் வின்ஸ் யங் பந்தோடு எல்லைக்கோட்டுக்குள் ஓடினார். 41-38. அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பிறகு 2014-இல், வென்ற அணி மேலேறும் நான்கு அணிகளின் பிளேஆஃப். 2024-இல் பன்னிரண்டு அணிகள். ரோஸ், சுகர், ஆரஞ்ச், காட்டன், ஃபியெஸ்ட்டா, பீச் என ஆறு பெரிய பவுல்களும் இன்று பிளேஆஃபின் படிக்கட்டுகள். ஒருகாலத்தில் பருவத்தின் உச்சி. இன்று உச்சிக்குப் போகும் வழியில் ஒரு நிறுத்தம்.

அப்படியென்றால் மற்ற பவுல்கள்? இன்று மொத்தம் நாற்பதுக்கும் மேல். ஆறு வெற்றி இருந்தால் போதும், அழைப்பு உண்டு. 2015-இல் அதற்கும் ஆள் போதாமல், ஐந்து வெற்றியும் ஏழு தோல்வியுமாக நின்ற மூன்று அணிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். பல ஆட்டங்களை நடத்துவதே ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சி நிறுவனம்தான். ஆரஞ்சும் பருத்தியும் இருந்த இடத்தில் இப்போது என்ன பெயர்கள்? மயோனைஸ் பவுல்: வென்ற பயிற்சியாளரின் தலையில் மயோனைஸைக் கொட்டுவார்கள். உருளைக்கிழங்கு பவுல்: அங்கே கொட்டுவது வறுத்த கிழங்கு. பாப்-டார்ட்ஸ் என்ற இனிப்புப் பண்டத்தின் பவுலில், 2023-இல் அந்தப் பண்டத்தின் வேடமணிந்த பொம்மை பெரிய டோஸ்டருக்குள் இறங்க, கீழே வந்த ராட்சதப் பண்டத்தை வென்ற அணி பிய்த்துத் தின்றது!

சிரிப்புக்குப் பின்னால் கணக்கும் இருக்கிறது. 2011 ஃபியெஸ்ட்டா பவுலுக்குப் போன கனெக்டிகட் பல்கலைக்கழகம் 17,500 டிக்கெட்டுகளைப் பொறுப்பேற்க வேண்டியிருந்தது, பெரும்பகுதி விற்கவில்லை, பத்து லட்சம் டாலருக்கு மேல் கையைக் கடித்தது. பயிற்சியாளருக்கு ஊக்கத்தொகை உண்டு. நிர்வாகிக்குச் சம்பளம் உண்டு. தொலைக்காட்சிக்கு வருமானம் உண்டு. ஆடும் மாணவனுக்கு? 2021-க்கு முன்பு படிப்பு உதவித்தொகையும், பவுல்காரர்கள் கொடுக்கும் ஒரு பரிசுப் பையும்தான். அந்தப் பைக்கும் நெடுங்காலம் 550 டாலர் என்று உச்சவரம்பு.

2016 புத்தாண்டு அன்று ஃபியெஸ்ட்டா பவுல். நோட்டர் டேமின் ஜேலன் ஸ்மித், நாட்டின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவர். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் முதல் சில இடங்களுக்குள் அவரை எடுக்கும் என்ற நிலை. அந்த ஆட்டத்தில் முழங்கால் நார்கள் கிழிந்தன, நரம்பும் பாதிக்கப்பட்டது. அந்த வரிசையில் 34-ஆம் இடத்துக்கு இறங்கினார். ஓர் ஆண்டு களமே காணவில்லை. சம்பளத்தில் அந்த இறக்கத்தின் விலை பல பத்து லட்சம் டாலர். அதே ஆண்டு டிசம்பரில் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியும் லூசியானா ஸ்டேட்டின் லெனார்ட் ஃபூர்னெட்டும் பவுல் ஆட்டத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். எவ்வளவு வசை! தன்னலக்காரர்கள் என்றார்கள், தோழர்களைக் கைவிட்டவர்கள் என்றார்கள். அணியைப் பாதியில் விட்டுவிட்டு அதிகச் சம்பளத்துக்கு வேறு கல்லூரிக்குப் போகும் பயிற்சியாளர்களை யாராவது அப்படி ஏசியதுண்டா?

2021 முதல் மாணவர்கள் தம் பெயரையும் புகழையும் வைத்துப் பணம் ஈட்டலாம் என்றானது. கல்லூரி விட்டுக் கல்லூரி மாறுவதும் எளிதானது. 2023-இல் 13 ஆட்டமும் வென்ற ஃபுளோரிடா ஸ்டேட்டைப் பிளேஆஃபுக்கு எடுக்கவில்லை. மனம் உடைந்து இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் ஆரஞ்ச் பவுலிலிருந்து விலகினார்கள். எஞ்சியவர்கள் ஜார்ஜியாவிடம் 63-3 என வீழ்ந்தார்கள். 2025-இல் பிளேஆஃபில் இடம் கிடைக்காத நோட்டர் டேம், வேறு எந்தப் பவுலும் வேண்டாம் என்று ஒதுங்கியது. அதுகூடப் புதிதல்ல. 1925 ரோஸ் பவுலுக்குப் பிறகு 1970 வரை அந்தக் கல்லூரி பவுல் பக்கமே போனதில்லை.

பவுல் ஆட்டம் செத்துவிட்டது என்று பலர் புலம்புகிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். செத்தது எது? இருபது வயதுப் பிள்ளை கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் கேள்வி கேட்காமல் வருவான் என்ற நினைப்புச் செத்தது. அது சாகவேண்டியதுதான். 1951-இல் சான் ஃபிரான்சிஸ்கோ இளைஞர்கள் தோழர்களின் மானத்துக்காக மறுத்தார்கள். 2016-இல் இரண்டு பேர் தம் எதிர்காலத்துக்காக மறுத்தார்கள். இரண்டு மறுப்பும் ஒரே எடை என்று சொல்லவில்லை. ஆனால் மறுக்கும் உரிமை ஒன்றே. அந்த உரிமை இருந்தும் ஒருவன் இறங்கி ஆடினால்தான் அந்த ஆட்டத்துக்குப் பெருமை. மயோனைஸில் நனைந்து குதிக்கும் சிறிய கல்லூரிப் பிள்ளைகளைப் பாருங்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அதுதான் வாழ்நாளின் கடைசி ஆட்டம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, தோழர்களோடு இன்னொரு முறை ஆட விரும்பி வந்தவர்கள். அவர்கள் இருக்கும்வரை பவுல் இருக்கும்.

விழா யாருடையது என்று தொடக்கத்தில் கேட்டேன். ஊர் தொடங்கியது, வணிகம் வளர்த்தது, தொலைக்காட்சி விலைபேசியது. ஆனால் விழாவுக்கு உரியவன் ஆடுகிறவனே. ஆகவே பெற்றோர்களே, இளைஞர்களே, அடுத்த புத்தாண்டில் உங்கள் வீட்டுப் பிள்ளை ரோஸ் பவுல் பார்த்தேன் என்று சொன்னால், யார் ஜெயித்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். யார் ஆடினார்கள், யார் ஆட மறுத்தார்கள், ஏன் மறுத்தார்கள் என்றும் கேளுங்கள். உழைப்பவனுக்கு உரியது போய்ச் சேர்கிறதா என்று கேட்கும் பழக்கம் விளையாட்டு அரங்கில் தொடங்கினாலும் நல்லதே.